ஞாயிறுகளுக்கு நான் பொறுப்பு

ஜூன் 9, ஞாயிறு

கோயில் ஆராதனை முடிந்து வந்தபோது கேட்டுக்கு வெளியே ஆசீர் நின்றுகொண்டிருந்தான். காலடியில் இரண்டு பைகள். அவன் மனைவி பியூலா இந்தத் தடவை வீட்டுப் பூட்டையே மாற்றிவிட்டாளாம். "உள்ள வா" என்றேன். வேறென்ன சொல்வது, என் தம்பி. அம்மா போனபோது அவன் ஆறாம் வகுப்பு, நான் நர்சிங் முதல் வருஷம். அதற்குப் பிறகு அவனுடைய காய்ச்சல், பரீட்சை, ஏசி மெக்கானிக் வேலை எல்லாவற்றையும் நான்தான் பார்த்தேன்.

கல்யாணமும் நான் பேசி முடித்ததுதான். பியூலா என் வார்டில் எனக்கு ஜூனியராக இருந்த பெண். ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டிருக்கிறோம். இவளைவிட நல்லவள் இவனுக்குக் கிடைக்கமாட்டாள் என்று நினைத்தேன். அது தப்பில்லை. அவளுக்கு இவனைவிட நல்லவன் கிடைத்திருப்பானா என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

மத்தியானம் சோறு, சாளை மீன் குழம்பு. இரண்டு வாய்தான் சாப்பிட்டான். கை நடுங்கியதால் தண்ணீர் டம்ளரை நான் பிடித்துக்கொண்டேன்.

ஜூன் 11, செவ்வாய்

லீவு போட்டுவிட்டேன். குடியைத் திடீரென்று நிறுத்துகிறவனை வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடாது, அட்மிட் பண்ணுங்கள் என்று டாக்டர் சொன்னார். எனக்குத் தெரியாததா? ஆனால் அட்மிட் செய்தால் ஆஸ்பத்திரி முழுக்கத் தெரியும். அடுத்த நாள் பியூலாவின் விவாகரத்து வக்கீலுக்கும் தெரியும். வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறேன்.

சுவரில் எறும்பு ஊர்கிறது என்றான். ஒரு எறும்பும் இல்லை. ஈரத் துணி எடுத்து அவன் காட்டிய இடத்தையெல்லாம் துடைத்தேன். பிறகு கொஞ்சம் தூங்கினான்.

ஜூன் 16, ஞாயிறு

நான்கு இட்லி சாப்பிட்டான். வாசல் பெருக்கினான். ரொம்ப நாளாக ஒழுகிக்கொண்டிருந்த குழாய்க்கு வாஷர் மாற்றினான். சாயங்காலம் இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டே பேசினோம். அம்மா அவனைக் கூப்பிடுவதுபோல நான் கூப்பிட்டுக் காட்டினேன், சிரித்தான். இந்த வீட்டில் இன்னொருவர் சிரிக்கும் சத்தம் கேட்டு எவ்வளவு காலமாயிற்று.

பியூலா போன் செய்தாள். "எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள். நன்றாக இருக்கிறான் என்றேன். அவள் குரலில் ஏதோ ஒன்று இளகும் என்று எதிர்பார்த்தேன். "சரி மைனி" என்று வைத்துவிட்டாள். கணவனின் அக்கா என்பதால் கல்யாணத்துக்குப் பிறகு என்னை மைனி என்கிறாள். அதற்கு முன்பு சுகந்திக்கா.

ஜூன் 27, வியாழன்

குடும்ப நீதிமன்றம். விவாகரத்து வழக்கு நடந்துகொண்டே இருக்கும். அதுவரை பிள்ளையை அப்பா பார்ப்பதற்கு ஏற்பாடு. ஒவ்வொரு ஞாயிறும் காலையிலிருந்து சாயங்காலம்வரை ஷெரின் என் வீட்டில் இருக்கலாம். நான் கூடவே இருக்கவேண்டும், பிள்ளையை ஆசீரோடு தனியாக விடக்கூடாது. சம்மதம் என்று கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வேப்பமரத்தடியில் பியூலா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். மெலிந்துபோயிருக்கிறாள்.

"மைனி, அவங்கள நான் நம்பல. உங்கள நம்பித்தான் பிள்ளைய அனுப்புதேன். குடிச்சிருந்தாங்கன்னா அன்னைக்கே எங்கிட்ட சொல்லிரணும்."

"சொல்லுதேன்."

"தம்பின்னு பாக்கக்கூடாது."

"பாக்கமாட்டேன்" என்றேன்.

ஜூலை 7, ஞாயிறு

ஷெரின் வந்தாள். எட்டு வயது, முன்பல் இரண்டும் பெரிதாக முளைத்து, எங்கள் அம்மாவின் சிரிப்பு அப்படியே வந்திருக்கிறது. ஆசீர் காலையிலேயே குளித்து, தேய்த்த சட்டை போட்டு, கேட்டருகே நின்றான். மத்தியானம் கோழி வறுத்தேன். அப்பாவும் மகளும் பழைய மின்விசிறி ஒன்றைக் கழற்றித் திரும்ப மாட்டினார்கள். ஓடியது. ஷெரின் கைதட்டினாள்.

சாயங்காலம் பியூலா ஸ்கூட்டரில் வந்து கூட்டிப்போனாள். உள்ளே வரவில்லை. கோழி வறுவல் கொஞ்சம் கொடுத்தனுப்பினேன். வாங்கிக்கொண்டாள்.

ஜூலை 17, புதன்

பின்புறக் கொய்யா மரத்தில் தாழ்ந்த கிளைகளில் இலையே இல்லை. ஆடு வந்து மேய்ந்திருக்க வேண்டும். கேட்டை மூடச் சொல்லி ஆசீரிடம் சொன்னேன்.

ஜூலை 28, ஞாயிறு

ஆசீருக்குக் கண் சிவந்திருந்தது. நேற்று வண்ணார்பேட்டையில் மொட்டை மாடியில் ஏசி மாட்டும் வேலை, நல்ல வெயில். ஷெரினுக்கு மூன்றாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போது இரண்டு தடவை தப்பாகச் சொன்னான். அவள்தான் திருத்தினாள்.

"குடிச்சிருந்தாங்களா மைனி?" பியூலா ஒவ்வொரு வாரமும் கேட்கிற கேள்வி.

"இல்ல."

வார்டில் நோயாளியின் கேஸ் ஷீட் எழுதும்போது நான் பார்க்காததை எழுதியதில்லை. இன்றும் நான் எதையும் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஷெரின் பின்வாசலில் நின்று, "அத்தை, அப்பா ஏன் கொய்யா இலைய மெல்லுதாங்க?" என்று கேட்டாள்.

பல்லுக்கு நல்லது என்றேன்.

"எங்க வீட்டுலயும் இப்படித்தான் மெல்லுவாங்க" என்றாள். பிறகு விளையாடப் போய்விட்டாள்.

கேட்டை மூடித்தான் வைத்திருக்கிறேன். ஆடு வர வழியில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

கொய்யா இலை எந்த வாடையை மறைக்க என்று அவனிடம் கேட்டேன். "கொஞ்சம்தான்க்கா. வேல முடிஞ்சு ஒடம்பு வலிக்கி. ஞாயித்துக்கிழம தொடமாட்டேன், பிள்ள மேல சத்தியம்" என்றான். பிள்ளை மேல் சத்தியம் செய்யாதே என்று திட்டினேன். அழுதான். நானும் அழுதேன். பிறகு உளுந்து ஊறப்போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தொடாவிட்டால் போதும். கோர்ட் கேட்பதும் ஞாயிற்றுக்கிழமையைத்தானே.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து உட்காரும்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன். விபத்துக் கேஸ் நாலைந்து ஒன்றாக வந்திருக்கிறது, ஆள் இல்லை, ஒரு மணி நேரம் வந்துவிட்டுப் போங்கள் சிஸ்டர் என்றார்கள். ஆசீரைப் பார்த்தேன். தரையில் ஷெரினோடு தாயம் ஆடிக்கொண்டிருந்தான். வாயருகே போய்ப் பேசினேன். வாடை இல்லை. "போயிட்டு வாக்கா, நாங்க இங்கனதான் இருப்போம்" என்றான்.

போனேன்.

திரும்பி வரும்போது வீடு திறந்து கிடந்தது. தாயக்கட்டை தரையில். ஆசீரின் ஸ்கூட்டர் இல்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. மார்க்கெட் பக்கம், பூங்கா, ஐஸ்கிரீம் கடை, எல்லா இடமும் ஆட்டோவில் அலைந்தேன். எந்த இடத்துக்கு முதலில் போயிருக்கவேண்டுமோ அந்த இடத்துக்குக் கடைசியாகப் போனேன்.

டாஸ்மாக் கடைக்கு இரண்டு கடை தள்ளி, பூட்டிக் கிடந்த ஒரு வெல்டிங் பட்டறையின் படியில் ஷெரின் உட்கார்ந்திருந்தாள். மடியில் அப்பாவின் ஹெல்மெட். பக்கத்தில் பூ விற்கிற ஒரு பெண். "ஒங்க பிள்ளயாம்மா? ரொம்ப நேரமா ஒத்தையில இருக்கு. ஒருத்தன் வந்து பேச்சுக் குடுத்துட்டு நின்னான், நான்தான் வெரட்டிவிட்டேன்" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

உள்ளே போய் ஆசீரை இழுத்து வர நான் முயலவில்லை. ஷெரினை மட்டும் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். எட்டு வயதுப் பிள்ளை, கனமாக இருந்தாள், ஹெல்மெட்டை விடவில்லை.

ஆட்டோவில் என்னிடம் சொன்னாள்: "அத்தை, அம்மாட்ட சொல்லாதீங்க. சொன்னா அப்பாவ இனிமே பாக்கவிடமாட்டாங்க."

முகம் கழுவி, தலைசீவி, பால் கொடுத்தேன். பியூலா வந்தாள். கேட்டருகே நின்று வழக்கம்போலக் கேட்டாள். நான் வாய் திறக்குமுன் ஷெரின் சொன்னாள், "இல்லம்மா, நல்லாத்தான் இருந்தாங்க. தாயம் விளையாடுனோம்." முகத்தில் ஒரு அசைவு இல்லை. அந்தக் குரல் என் குரல். நான் கேட்டருகே ஒவ்வொரு வாரமும் பதில் சொல்கிற அதே குரல்.

பியூலா என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

டியூட்டி. ஆசீரோடு பேசவில்லை. சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

எனக்குக் காய்ச்சல், இந்த வாரம் பிள்ளையை அனுப்பவேண்டாம் என்று பியூலாவிடம் சொன்னேன். கஷாயம் வைத்துக் குடியுங்கள், நான் வரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். காய்ச்சல் இல்லை.

செப்டம்பர் 3, செவ்வாய்

இருபதாம் தேதி கோர்ட் ஆலோசகர் எங்களை விசாரிக்கிறார். காலாண்டு லீவு முழுக்கப் பிள்ளை ஆசீரோடு இருக்க அவனுடைய வக்கீல் மனு போட்டிருக்கிறார். என் வார்த்தைதான் முக்கியமாம்.

"நீ ஒரு வார்த்த சொன்னா போதும்க்கா. தம்பி குடிய விட்டுட்டான்னு சொல்லு. பிள்ள எங்கூட இருந்தா நான் நெசமாவே விட்டுருவேன்."

"விட்டுட்டு பிள்ளைய கேளு."

"பிள்ள இல்லாம எப்படி விடுவேன்? பிள்ளயும் இல்ல, அவளும் இல்லன்னா நான் எதுக்கு இருக்கணும்?"

தட்டைத் தள்ளி எழுந்து போய்விட்டான். நான் வீட்டிலுள்ள மாத்திரைகளையெல்லாம் ஒரு டப்பாவில் போட்டு ஆஸ்பத்திரி லாக்கருக்குக் கொண்டுபோனேன். மாடியில் துணி காயப்போடும் கயிற்றையும் அவிழ்த்தேன். துணியை நாற்காலிகளில் காயப்போடுகிறேன். எதற்கு என்று அவன் கேட்கவில்லை.

செப்டம்பர் 12, வியாழன்

இரண்டு நாளாகத் தொடவே இல்லை, எனக்காக நிறுத்துகிறேன் என்று சொல்லியிருந்தான். இன்று காலை சமையலறையில் விழுந்து வலிப்பு. ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்குக் கீழே என் கையை வைத்துக்கொண்டேன். நூறு பேருக்குச் செய்திருக்கிறேன். இவனுக்குச் செய்யும்போது "கர்த்தாவே, கர்த்தாவே" என்று சத்தமாகக் கத்திக்கொண்டிருந்தேன் என்று பக்கத்து வீட்டம்மா சொன்னார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். கல்லீரல் ரொம்ப மோசம். "ஒரு நல்ல மறுவாழ்வு இல்லத்துல விடுங்க சிஸ்டர். நீங்க வீட்டுல வச்சு பாக்கப் பாக்க அவருக்கு இது வசதியா இருக்கு" என்றார். அவருக்கு என்ன தெரியும். நான் பார்க்காவிட்டால் இவனை யார் பார்ப்பது?

ஆசீர் கண் திறந்ததும், "பியூலாட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டான். இல்லை என்றேன். என் கையைப் பிடித்து முத்தமிட்டான். அந்தக் கையை அப்புறம் எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

செப்டம்பர் 19, வியாழன்

நாளைக்குச் சொல்லவேண்டியதைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். "என் தம்பி திருந்திவிட்டான்." நன்றாக வருகிறது. யாரும் சந்தேகப்படமாட்டார்கள்.

அவனுக்கு வெள்ளைச் சட்டை தேய்த்து வைத்தேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

ஆலோசகர் என் வயதுக்காரர். சின்ன அறை, எல்லோரும் நெருக்கி உட்கார்ந்தோம். என் இடது பக்கம் ஆசீர், எதிரே பியூலா. ஷெரின் வெளியே பெஞ்சில், பியூலாவின் அம்மாவோடு. கதவுக் கண்ணாடி வழியாக அவள் தலை தெரிந்தது. இரட்டைச் சடை.

"பொறுப்பாளர் நீங்கதானே. உங்க தம்பி இப்ப குடிக்கிறாரா?"

கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்ததைச் சொல்லத்தான் வாய் திறந்தேன். அப்போது ஷெரின் எழுந்து வந்து கதவுக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு உள்ளே பார்த்தாள். என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினாள். சொல்லாதே என்று.

எட்டு வயது. அவள் இதைச் செய்துகொண்டிருக்கக்கூடாது.

"குடிக்கான்" என்றேன். "எங்க வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளுலேயே திரும்ப ஆரம்பிச்சிட்டான். ஞாயித்துக்கிழமையும் குடிக்கான். ஆகஸ்ட் பதினெட்டாந்தேதி பிள்ளைய கடைக்கு வெளிய ஒத்தையில ஒக்கார வச்சுட்டு உள்ள போயிட்டான். நான் வீட்டுல இல்ல. இருந்திருக்கணும். போயிட்டேன்."

ஆசீர் வெள்ளைச் சட்டையின் கையை மடித்துக்கொண்டே இருந்தான். பியூலாவின் முகத்தை நான் பார்க்கவில்லை.

லீவுக்கு அனுப்புவது கிடையாது, ஞாயிற்றுக்கிழமைகளும் மறு உத்தரவு வரும்வரை நிறுத்தம் என்று பிறகு சொன்னார்கள். வெளியே வரும்போது ஆசீர் இல்லை. பியூலா இருந்தாள். அவள் என்னைக் கட்டிக்கொள்வாள் என்று நினைத்துவிட்டேன், என்ன முட்டாள்தனம்.

"ஒவ்வொரு வாரமும் கேட்டேன்லா மைனி. ஒவ்வொரு வாரமும் கேட்டேன்லா. எவனாவது பிள்ளைய தூக்கிட்டுப் போயிருந்தா? அன்னைக்கும் எம்மூஞ்சப் பாத்து தலைய ஆட்டுனீங்க."

"பியூலா..."

"அவங்களாவது குடிச்சிட்டுப் பொய் சொன்னாங்க. நீங்க எதக் குடிச்சீங்க?"

ஷெரின் அம்மா கையைப் பிடித்தபடி போனாள். திரும்பிப் பார்த்தாள். அழவில்லை. காட்டிக்கொடுத்தவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.

செப்டம்பர் 22, ஞாயிறு

யாரும் வரவில்லை. ஆசீரும் வீடு திரும்பவில்லை.

செப்டம்பர் 26, வியாழன்

இப்போது அவனோடு வேலை செய்கிறவர்கள் எல்லோரையும் கேட்டாயிற்று. அரசு ஆஸ்பத்திரி பிணவறைக்குப் போனேன். அங்கே இருக்கிற ஊழியர் எனக்குத் தெரிந்தவர்தான். "சிஸ்டர், கேஸ் எதுவும் கொண்டாந்தீங்களா?" என்றார். ஆள் தேடி வந்தேன் என்றேன். வயது கேட்டார். முப்பத்தைந்து என்றதும், அந்த வயதில் இன்று யாரும் இல்லை என்றார். வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இவ்வளவு சந்தோஷம் எனக்கு எப்போதும் வந்ததில்லை. இப்படி ஒரு சந்தோஷம் யாருக்கும் வரவேண்டாம்.

அக்டோபர் 2, புதன்

போலீசில் எழுதிக்கொடுத்தேன். பியூலாவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

அக்டோபர் 5, சனி

சோறு ஒரு ஆளுக்கு வடிக்க வரமாட்டேனென்கிறது.

அக்டோபர் 10, வியாழன்

டியூட்டியில் இருக்கும்போது தெரியாத எண்ணிலிருந்து போன். ஆசீர்.

மார்த்தாண்டம் பக்கம் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் இருக்கிறான். கோர்ட்டிலிருந்து நேரே நாகர்கோவில் பஸ் ஏறிப் போய், நாலைந்து நாள் பஸ் ஸ்டாண்டில் கிடந்திருக்கிறான். முன்பு இவனோடு வேலை பார்த்த டேனியல் கண்டு, கூட்டிப்போய்ச் சேர்த்திருக்கிறார். அவரும் ஒரு காலத்தில் குடித்தவர்தானாம்.

"சாப்டியா?" என்று கேட்டேன். அதுதான் முதலில் வந்தது.

"சாப்டேன்."

"நாளைக்கே வாரேன். துணி கொண்டாரேன். அவங்க தார மாத்திர என்னன்னு நான் பாக்கணும்."

"வராதக்கா."

"கோவமா?"

"மொத ரெண்டு நாள் கோவம். இப்ப இல்ல. நீ வந்தா நான் ஒங்கூட வந்துருவேன். நீயும் கூட்டிட்டுப் போயிருவ. அதுக்குத்தான் சொல்லுதேன்."

போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"பியூலாட்ட சொல்லு, அவ கேட்ட மாதிரியே கையெழுத்துப் போட்டுருதேன். இனி கேஸ் நடத்தல. பிள்ள அவகிட்டயே இருக்கட்டும்."

வார்டில் யாரோ கூப்பிட்டார்கள். போய் ஊசி போட்டேன். நரம்பு ஒரே தடவையில் கிடைத்தது.

அக்டோபர் 11, வெள்ளி

பியூலாவுக்கு மெசேஜில் எழுதினேன். படித்துவிட்டாள். பதில் இல்லை.

அக்டோபர் 22, செவ்வாய்

பொறுக்க முடியவில்லை. தூரத்தில் நின்றாவது பார்த்துவிட்டு வரலாம் என்று இன்று காலை கிளம்பினேன். இரண்டு சட்டை, கைலி, நார்த்தங்காய் ஊறுகாய். புது பஸ் ஸ்டாண்டில் நாகர்கோவில் வழி மார்த்தாண்டம் போகும் வண்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவன் மெலிந்திருப்பான், பார்த்ததும் அழுவான், அந்த இல்லத்துக்காரர்களிடம் நான் நர்ஸ், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று பேசவேண்டும் என்று யோசித்துக்கொண்டே போனேன். என்ன யோசிக்கிறேன் என்பது நாங்குநேரி வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. இறங்கிவிட்டேன். கண்டக்டர், "மார்த்தாண்டத்துக்குல்லாம்மா கேட்டீங்க?" என்றார்.

ரோட்டோரம் ரொம்ப நேரம் நின்றேன். திரும்பி வருகிற பஸ்ஸில் பியூலாவின் போன்.

"எங்கம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல. எனக்கு டியூட்டி மாத்திவிட ஆள் வரல. ஷெரின ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வந்து நான் வாரவரைக்கும் வச்சிருப்பீங்களா?"

"வச்சிருப்பேன்" என்றேன்.

"நம்பிக் கேக்கல மைனி. வேற ஆளில்ல, அதான் கேக்கேன்."

"சரிம்மா."

அவள் வைக்கவில்லை. "அவங்க சாப்பிடுதாங்களாமா?" என்று கேட்டாள். சாப்பிடுகிறானாம் என்றேன். அழுவது கேட்டது. எனக்கும் அவளுக்கும் நடுவே அந்த அழுகை மட்டும் போனில் கொஞ்ச தூரம் வந்தது. பிறகு வைத்துவிட்டாள்.

பள்ளிக்கூட வாசலில் ஷெரின் என்னைப் பார்த்து நின்றாள். ஓடி வரவில்லை. பையை வாங்கக் கை நீட்டினேன், கொடுக்கவில்லை. பக்கத்தில் நடந்து வந்தாள், இடையில் ஒரு ஆள் நடக்கும் இடம் விட்டு.

முருகன்குறிச்சி சிக்னல்வரை நடந்தோம். பிறகு கேட்டாள்.

"அப்பாவ பாத்தீங்களா?"

நன்றாக இருக்கிறார், பார்த்தேன், உன்னைக் கேட்டார் என்று சொல்ல எல்லாம் தயாராக வாயில் வந்து நின்றது.

"இல்ல. பாக்கத்தான் போனேன். பாதி வழியில இறங்கிட்டேன். வரவேண்டாம்னு சொல்லிருக்காங்க."

"குணமாயிருவாங்களா?"

"எனக்குத் தெரியலம்மா."

ரோட்டைக் கடந்தோம். தரையைப் பார்த்தபடியே நடந்தாள். பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"அத்தை, அன்னைக்கு அந்தப் படியில இருந்தப்போ எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சு" என்றாள்.

"எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு" என்றேன்.

நின்று என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பையைத் தோளிலிருந்து இறக்கி என்னிடம் கொடுத்தாள். கனம்.